எச்சில் குடம்

செம்பாறைக்குளத்துக்காரர்கள் யாரையாவது பஸ்ஸில் பார்த்தால் கேட்டுப் பாருங்கள், இருநூற்று எண்பத்தாறு குடும்பமும் ஒரே வீட்டில் குடியிருந்தது உண்மையா என்று. ஆமாம், இருந்தோம், அதற்கென்ன இப்போ என்பார்கள், ஏதோ ஒரு வருடம் மழை கொஞ்சம் கூடப் பெய்ததைப் பற்றிக் கேட்டதைப் போல. யாரால் அப்படி ஆயிற்று என்று கேட்டால் மட்டும் கம்ப்யூட்டரால் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கம்ப்யூட்டரால் ஆகவில்லை. ஒரே ஒரு வரியால் ஆனது. அந்த வரியை அது இருந்த இடத்திலிருந்து இரண்டு வரி கீழே இறக்கி வைத்தவன் நான். இறக்கச் சொன்னவர்கள் அவர்கள். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இரண்டு தரப்பிலும் பலர் செத்துப்போய்விட்டார்கள், இனிச் சொல்வதால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் வரப்போவதில்லை. வந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

பெரிய குளம் உடைந்த அன்று, கோயில் தெரு, கடைத் தெரு, குளத்தடி என்று பார்க்காமல் தண்ணீர் எல்லா வீட்டையும் ஒரே மாதிரி வாரிக்கொண்டு போனது. தண்ணீருக்கு அந்த அறிவு இல்லை. தண்ணீர் வடிந்ததும் ஊருக்கு அறிவு திரும்பிவிட்டது: கோயில் தெருக்காரர்கள் கல்யாண மண்டபத்துக்குள் போனார்கள், கடைத் தெருக்காரர்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளுக்குள் போனார்கள், குளத்தடிக்காரர்கள் பள்ளிக்கூட வராந்தாவில் சாக்கைக் கட்டிக்கொண்டு படுத்தார்கள், வகுப்பறை காலியாகக் கிடந்த நாளிலும் வராந்தாவிலேயே படுத்தார்கள். பதினான்கு மாதம் கழித்து அரசாங்கம் மேட்டுப் பொட்டலில் இருநூற்று எண்பத்தாறு வீடு கட்டி முடித்தது. எல்லாம் ஒரே அச்சு: ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு குளியலறை, வாசலில் இரும்புத் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. யாருக்கு எது என்பதில் யாரும் தலையிடக்கூடாது, மனிதக் கை படாமல் கம்ப்யூட்டரில் குலுக்கிப் போட வேண்டும், வீடு பெண்கள் பேரில் இருக்க வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. பேரூராட்சி ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் நான் இருந்தேன்.

ஆபீஸைப் பெருக்கித் துடைக்கிறவள் முப்பிடாதி, குளத்தடிக்காரி. புருஷனைக் குளம் கொண்டுபோய்விட்டது. தங்கபுஷ்பம் என்று ஒரே மகள், பத்தாவது முடித்தவள், சாக்குப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தே நானூற்று இருபது மார்க் வாங்கியவள். அந்த வயதுப் பெண்ணுக்கு வராந்தாவில் குளிக்க இடமில்லை. திருப்பூர்ப் பக்கத்து மில்லுக்குப் பெண்பிள்ளைகளை வேனில் ஏற்றிப்போகும் ஏஜெண்ட் ஒருவன் வாராவாரம் வந்து, அங்கே ஹாஸ்டல் உண்டு, கதவு உண்டு, பூட்டு உண்டு, மூன்று வருடம் விட்டுவிடு என்று கேட்டுக்கொண்டிருந்தான். முப்பிடாதி ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றை வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்ப்பாள்.

"இதுல எங்க பேரும் இருக்கா சார்?"

இருக்கிறது என்று காட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது; ஆனாலும் நான் விரல் வைத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வீடு சின்னதோ பெருசோ, எங்கன வேணாலும் விழட்டும் சார். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குல்லா, அது போதும்."

கம்ப்யூட்டருக்குக் குலுக்கத் தெரியாது. இதை நான் நாகர்கோவிலில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, மேலட்டை இல்லாத ஒரு புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். குலுக்குவதற்கென்று புரோகிராமுக்குள் ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது, நான் எனக்குப் புரிவதற்காகக் குடம் என்று வைத்துக்கொண்டேன். குடம் பிறக்கிறபோது கடிகாரத்தை ஒரே ஒருமுறை பார்க்கும். பார்த்த நேரம்தான் அதன் ஜாதகம். அதற்குப் பிறகு அது சொல்லும் எண்கள் எல்லாம் அந்த ஜாதகத்தில் உள்ளபடி ஒன்றன்பின் ஒன்றாக வரும், கேட்கக் கேட்க வேறு வேறாக வரும். ஆகவே குடத்தை ஒரு தடவைதான் செய்ய வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற சுற்று தொடங்குவதற்கு முன்னாலேயே செய்து வைத்துவிட வேண்டும். பிறகு சுற்றுக்குள்ளே குடும்பம் குடும்பமாக வந்து அந்த ஒரே குடத்தில் கைவிட்டு ஒரு வீட்டை எடுக்க, எடுத்த வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டே போக வேண்டும். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். மொத்தம் பதினோரு வரி.

பேரூராட்சித் தலைவர் குற்றாலிங்கம் கோயில் தெருக்காரர் எட்டுப் பேரோடு வந்து எப்படிக் குலுக்கப்போகிறாய் என்று விளக்கிக் காட்டச் சொன்னார். நான் காட்டினேன். குடம் என்றேன். அந்த ஒரு சொல்லை நான் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். சக்கரம் என்று சொல்லியிருந்தால் ஊர் தப்பியிருக்கும், சக்கரத்துக்கு எச்சில் கிடையாது.

அவர் எந்த வரிசையில் என்று கேட்டார். அகர வரிசை என்றேன். முதலில் யார் என்றார். குளத்தடி அங்கம்மாள் என்றேன். அவருடைய மனைவி ஆவுடையம்மாள் பெயர் ஐந்தாவதாக இருந்தது.

"அப்போ அங்கம்மா கைவிட்ட குடத்துலயா எங்க வீட்டு அம்மா கைவிடணும்?"

நிஜத்தில் குடம் என்று ஒன்று கிடையாது, கையும் கிடையாது, எல்லாம் கணக்கு என்று நான் சொன்னேன்.

"நீருதானவே குடம்னீரு. கேட்டவுடனே இல்லைங்கீரு. இருக்கா, இல்லையா?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். எடுத்த வீட்டை நீக்கிவிட்டு மீதியில் எடுப்பது என்றால் மிச்சத்தில் எடுப்பது என்று அர்த்தம், மிச்சம் என்றால் எச்சில் என்று அர்த்தம், அங்கம்மாள் வேண்டாமென்று விட்டதை எடுத்து ஆவுடையம்மாளுக்குப் போடுவதா என்று ஒருவர் கேட்டார். படித்தவர், தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசியில் முடிவானது: ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புதுக் குடம், ஒவ்வொரு குடத்திலும் எல்லா வீடும் நிறைய இருக்க வேண்டும், ஒருவர் கைவிட்ட குடத்தை அந்த இடத்திலேயே உடைத்துவிட வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே வீடு விழுமே என்று நான் கூட உட்கார்ந்திருந்த செயல் அலுவலரைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு மூன்று தகராறு வரும், கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆளுக்கொரு புதுக் குடம், நிறைகுடம். இதுதான்வே நியாயம்," என்று எழுந்தார் தலைவர்.

குடம் செய்கிற வரியை வெட்டிச் சுற்றுக்குள்ளே ஒட்டினேன். வீட்டை நீக்குகிற வரியை அழித்தேன். சரிபார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருமுறை நிறுத்தி, பொத்தானை அழுத்தி, எண்ணைப் பார்த்து, மறுபடியும் அழுத்தினேன், ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தது. வராமல் என்ன செய்யும்? என் விரல் ஏறி இறங்குகிற நேரத்தில் கடிகாரம் நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து எந்திரத்தின் கடிகாரத்துக்கு ஒரு நொடியைச் சில துண்டுகளாகத்தான் நறுக்கத் தெரியும்; விரல் குறுக்கே வராவிட்டால் அதில் ஒரு துண்டு முடிவதற்குள் முந்நூறு குடம் பிறந்து உடைந்துவிடும், ஒரே நேரத்தில் பிறந்த முந்நூறுக்கும் ஒரே ஜாதகம், முந்நூறும் வாயைத் திறந்து முதலில் சொல்வது ஒரே எண். இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. நான் படித்தும் இருந்தேன். எட்டுப் பேர் முன்னால் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

குலுக்கல் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வட்டாட்சியர் வந்து மேடையில் உட்கார்ந்தார். பிரின்டர் ஒரு கிழவனைப் போல இருமி இருமித் தாளைத் தள்ளத் தள்ள, நான் மைக்கில் வாசித்தேன். அங்கம்மாள், நூற்றுப் பதினேழு. அடுத்தவள், நூற்றுப் பதினேழு. மூன்றாவது, நான்காவது, நூற்றுப் பதினேழு. ஆவுடையம்மாள், நூற்றுப் பதினேழு. பத்தாவது பேரில் சிரித்தார்கள். முப்பதாவது பேரில் சிரிப்பு நின்றது. எண்ணை மாற்றிப் படியும்வே என்று தலைவர் பக்கவாட்டில் சொன்னார். மாற்றிப் படிக்க அதில் வேறு எண் இல்லை. என் மனைவி சண்முகவடிவின் பெயர் வந்தது, முப்பிடாதியின் பெயர் வந்தது, எல்லாம் நூற்றுப் பதினேழு. இருநூற்று எண்பத்தாறையும் வாசித்து முடித்துத் தண்ணீர் குடித்தேன். வட்டாட்சியர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, மனிதக் கை பட்டதா என்று கேட்டார். படவில்லை என்றார் செயல் அலுவலர். அப்படியானால் சரி, ஆட்சேபணைக்கு விதியில் இடமில்லை என்று கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்திவிட்டு ஜீப்பில் ஏறினார். முத்திரை குத்திய பிறகு சந்தேகப்படுகிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை.

மறுநாள் காலை எல்லோரும் பாய் தலையணையோடு நூற்றுப் பதினேழாம் எண் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். வரிசையிலும் கோயில் தெருதான் முன்னால். கதவைத் திறந்து உள்ளே போனார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள், மத்தியானம் வரைக்கும் போனார்கள். பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆள் வந்தால் எப்படிக் கொஞ்சம் நகர்ந்து கொடுப்பார்களோ, அப்படிச் சுவர் நகர்ந்து கொடுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் மற்ற வீடுகள் அளவுதான். உள்ளே ஆயிரத்து நூறு பேர் பாய் விரித்துப் படுத்தார்கள், கால் நீட்டியும் படுத்தார்கள். யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை; மேற்குப் பக்கத்தில் காற்று வரவில்லை என்பதைத்தான் பேசினார்கள். சுற்றிலும் இருநூற்று எண்பத்தைந்து வீடு புது வண்ணத்தோடு பூட்டிக் கிடந்தது. அதன் தாழ்வாரத்தில் ஆடு படுத்தது. அது தங்கள் எண் இல்லை என்று ஒருவரும் பூட்டைத் தொடவில்லை.

வீடு இடம் கொடுத்ததே தவிர வேறு எதையும் இரண்டாகக் கொடுக்கவில்லை. இருநூற்று எண்பத்தாறு குடும்பமும் இருநூற்று எண்பத்தாறு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டுதான் வாசல்படி தாண்டியது. சாயங்காலம் பார்த்தால் உள்ளே ஒரே குடம் இருந்தது, விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் குடம், மேலே கவிழ்த்த ஒரே டம்ளர். கோயில் தெருக்காரர்கள் புதிதாக வாங்கி வந்தார்கள். வாசல்படி தாண்டியதும் அந்தக் குடம் கையில் இருக்காது. ஒரே அடுப்பு, ஒரே குளியலறை, ஒரே கதவு. புரோகிராமுக்குள் ஒரு குடத்தைப் பங்குபோட மாட்டேன் என்றவர்கள் இனி தாகம் எடுத்த போதெல்லாம் பங்குபோட வேண்டியிருந்தது.

செத்துவிடவில்லை யாரும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் பழக்கமாக்கிக்கொள்ளும் சக்தி உண்டு, மாற்றிக்கொள்ளும் சக்திதான் கிடையாது. முதலில் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பது என்று ஆனது. டம்ளரைத் தொடுகிற விரல் என்னவாவது என்று கேள்வி வந்ததும், காலை ஐந்திலிருந்து ஏழு வரை கோயில் தெரு, ஏழிலிருந்து பத்து வரை கடைத் தெரு, அதற்குப் பிறகு குளத்தடி என்று நேரம் பிரித்தார்கள். ஒரு மாதம் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்தத் தபாலாபீஸ்காரர், குடத்தை எந்நேரமும் வற்றவிடாமல் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பதால் காலை ஐந்து மணித் தண்ணீர் என்பது முந்தின நாள் குளத்தடிக்காரர்கள் குடித்த மிச்சம்தானே என்று கண்டுபிடித்தார். நாள் என்பது எப்போது தொடங்குகிறது என்று மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். கடைசியில் கோயில் பட்டரைக் கூட்டிவந்து கால்மணிக்கு ஒருதரம் குடத்தில் தீர்த்தம் விடச் சொன்னார்கள். அவர் பதினோரு நாள் விட்டார், தோள்பட்டை வீங்கி மகள் ஊருக்குப் போய்விட்டார். தரையில் சாக்பீஸால் கோடு போட்டுத் தெரு பிரித்துப் படுத்தார்கள். வீடு தூக்கத்தில் புரண்டு படுக்கும் போலிருக்கிறது, விடிந்ததும் பார்த்தால் தலைவர் குற்றாலிங்கத்தின் கால் குளத்தடி அங்கம்மாள் புருஷனின் வயிற்றின் மேல் கிடக்கும், இரண்டு பேரும் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். எழுந்ததும் தலைவர் குளியலறைக்கு ஓடுவார். அங்கே வரிசை நிற்கும்.

வெளியூரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நிலைப்படியில் தேங்காய் உடைத்தார்கள், மூன்று முறை சுற்றி வந்தார்கள். மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, இதுதான் சமத்துவம், நூல்களில் படித்ததைக் கண்ணால் கண்டேன் என்று கண்கலங்கினார். குளிப்பதற்கு முந்நூற்று நாற்பதாவது ஆளாக நிற்க வேண்டும் என்றதும் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். தபால்காரர் வாசலில் நின்று நூற்றுப் பதினேழு என்று கத்துவார், ஆயிரத்து நூறு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். கடைக்காரன், கண்டக்டர், பக்கத்து ஊர்ச் சம்பந்தி எல்லோருக்கும் எங்கள் பெயர் மறந்துவிட்டது. என்ன நூற்றுப் பதினேழு, சௌக்கியமா என்பார்கள். சௌக்கியம் என்போம்.

அந்தக் கதவை மட்டும் ஒருநாளும் சாத்த முடியவில்லை. யாராவது போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள், தாழ்ப்பாளில் யாருடைய துண்டாவது தொங்கிக்கொண்டிருந்தது. குளியலறை வரிசையில் தங்கபுஷ்பத்தின் முறை மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது. கோயில் தெரு முடிந்து கடைத் தெரு முடிந்து குளத்தடி ஆண்கள் முடிந்து அவள் போகும்போது யாராவது வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அவள் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம் என்றால் பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகிவிடும். பதினொன்றாவதில் பெயர் கொடுத்திருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் போனாள், பிறகு ஒரு நாள் போனாள், பிறகு போகவில்லை. ஏஜெண்ட் இந்தத் தடவை தாளோடு வந்தான். ஆடி பிறந்தால் வேன் வராது, ஆனி கடைசி வெள்ளிக்கிழமை ஏற்றி அனுப்புகிறாயா இல்லையா என்று ஒரே பேச்சாகக் கேட்டான்.

அன்றைக்கு முப்பிடாதி ஆபீஸைப் பெருக்காமல் வந்து என் முன்னால் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது.

"சார், அந்த மிஷின்ல எங்களுக்கு வேற குடம் வேண்டாம். யாரு கைவிட்டுட்டுப் போன குடமா இருந்தாலும் சரி. மிச்சம் மீதி எதுன்னாலும் சரி. அதுல எங்களுக்குப் போட்டுத் தர முடியுமா?"

தலைவர் சொல்லாமல் எப்படி என்றேன் நான். உத்தரவு, முத்திரை, விதி என்று நான் அடுக்கிய சொற்களுக்கெல்லாம் அவள் தலையாட்டினாள். போய்ப் பெருக்க ஆரம்பித்தாள். இதைச் சாப்பிடும்போது சண்முகவடிவிடம் சொன்னேன். எங்களுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"பதினோரு வரியும் நீங்கதான எழுதினிய. அதுல ஒரு வரியைத் தூக்கி எட்டுப் பேரு கையில கொடுத்துட்டு வந்திருக்கிய," என்றாள். பிறகு, "நம்ம பேரையும் சேத்து எழுதுங்க. நானும் மிச்சத்துல எடுத்துக்கிடுதேன்," என்றாள்.

மனு எழுதினேன். குளத்தடியில் ஒரு வீடு விடாமல் முப்பிடாதி ஏறி இறங்கினாள், அதாவது அந்த ஒரே வீட்டுக்குள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய் வந்தாள். நாற்பத்து மூன்று குடும்பம் கைநாட்டும் கையெழுத்தும் போட்டது, கடைசியில் சண்முகவடிவு போட்டாள். மொத்தம் நாற்பத்து நான்கு. அகர வரிசையில் முன்னால் யார் எடுத்தாலும், எடுத்து மிச்சம் எதுவானாலும், ஒரே குடத்தில் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம் என்பது வாசகம்.

தலைவர் அதை இரண்டு தடவை படித்தார். எட்டுப் பேரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். நான் பயந்துபோய் நின்றேன். ஆனால் அவர்கள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. குளத்தடிக்காரர்கள் போய்விட்டால் வீட்டுக் குடம் சுத்தமாகிவிடும், பட்டரைத் தேட வேண்டாம், நாள் எப்போது தொடங்கினாலும் கவலையில்லை என்று தபாலாபீஸ்காரர் விளக்கினார். மற்ற இருநூற்று எண்பத்தைந்து வீடும் கம்ப்யூட்டர் ஒருவருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிய வீடு, அது எப்படியும் மிச்சம்தான் என்றார் இன்னொருவர். தலைவர் முப்பிடாதியைப் பார்த்தார்.

"ஏளா, எச்சில் குடம்னு தெரிஞ்சேதான் கேக்கியா? பின்னால வந்து அழக்கூடாது."

"அழ மாட்டேன் அய்யா."

அவர் சிரித்தார், எட்டுப் பேரும் சிரித்தார்கள், மனுவின் ஓரத்தில் தன் கைப்பட எழுதினார்: மிச்ச வீடுகளை எச்சில் குடத்தில் எடுத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை. தேதி போட்டு, முத்திரையும் குத்தினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கள் பேரூராட்சி வெளியிட்ட உத்தரவுகளில் ஊருக்கு நல்லது செய்த ஒரே உத்தரவு அதுதான், அதுவும் அவமானப்படுத்துவதற்காக எழுதியது.

அந்த வரியைச் சுற்றுக்குள்ளிருந்து வெட்டி மேலே கொண்டுபோய் ஒட்டினேன். வீட்டை நீக்குகிற வரியைத் திரும்ப எழுதினேன். மொத்த வேலையும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பதினோரு மாதம் ஆயிரத்து நூறு பேர் ஒரு கதவுக்குள் போய்வந்ததற்கும் இதற்கும் நடுவில் அவ்வளவுதான் தூரம். ஓட்டினேன். ஒரு குடம் பிறந்தது, ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தது, அங்கம்மாளுக்கு எழுபத்திரண்டு என்றது. அடுத்தவளுக்கு இருநூற்று ஐம்பது. பிறகு பதினாறு. பின்னால் நின்ற நாற்பது பேரும் ஒவ்வொரு எண்ணுக்கும் மூச்சு விட்டார்கள். முப்பிடாதிக்கு ஒன்பது விழுந்தது. கூட எடுத்த முப்பத்தைந்து பேரும் கைவிட்ட பிறகு அதே குடத்திலிருந்து விழுந்த ஒன்பது. சண்முகவடிவுக்கு அதற்கு முன்பே இருநூற்று மூன்று விழுந்திருந்தது.

வியாழக்கிழமை சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசல்படி தாண்டியதும் அவரவர் இடுப்பில் அவரவர் குடம் இருந்தது, நாற்பத்து நான்கும். அங்கம்மாள் தன் குடத்தின் அடியைத் திருப்பி, வெட்டியிருந்த தன் பெயரின் முதல் எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பின்னால் நூற்றுப் பதினேழின் சுவர்கள் நாற்பத்து நான்கு குடும்பத்து இடத்தை உள்ளிழுத்துக்கொண்டன, ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. உள்ளே ஏற்கெனவே ஆறு பெண்கள் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏஜெண்ட் நூற்றுப் பதினேழில் விசாரித்துவிட்டு ஒன்பதாம் எண் வீட்டுக்கு வந்து, பிள்ளையைக் கிளம்பச் சொல் என்றான். முப்பிடாதி உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போட்டாள். புதுத் தாழ்ப்பாள், எண்ணெய் போடாதது. தெருவில் நான் நின்ற இடத்துக்கு அதன் சத்தம் கேட்டது. ஏஜெண்ட் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். தட்டலாமா என்று யோசித்தான் போலிருக்கிறது. வேன்காரன் ஹாரன் அடித்ததும் போய்விட்டான்.

மீதி இருநூற்று நாற்பத்திரண்டு குடும்பம் நூற்றுப் பதினேழிலேயே இருந்தது. சுத்தமான குடத்தில் ஒரு மாதம் சந்தோஷமாகத் தண்ணீர் குடித்தார்கள். அதற்குப் பிறகு கடைத் தெருக்காரர்கள் எச்சிலானார்கள். அவர்களுக்கு நேரம் பிரித்து முடிந்ததும், கோயில் தெருவிலேயே தெற்கு வரிசை ஒரு படி கீழே என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. எங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடு என்று என்னிடம் வந்து கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கேட்டால், எடுத்துப் போனவர்களுடைய மிச்சத்தில் கைவிட வேண்டும். நான் தினமும் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணி ஏழு பேர் வந்தார்கள், அந்த ஏழு பேரும் கறுப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஆவணி மாதம் ஒரு காலையில், பேரூராட்சி நோட்டீஸ் ஒன்றைக் கொடுப்பதற்காக நான் ஒன்பதாம் எண் வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் ஆவுடையம்மாள் நின்றிருந்தார். தலைவருடைய மனைவி, தோளில் துண்டு, கையில் மடித்த பட்டுப் புடவையும் ஒரு சோப்புப் பெட்டியும். அன்று அவர்கள் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்துப் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டார். கதவு சாத்தியிருந்தது. ஒரு விரலை மடக்கி, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பது போல, மெல்லத் தட்டினார். அப்படி ஒரு கதவை அவர் வாழ்நாளில் தட்டியதில்லை.

"யாரு?" என்று உள்ளிருந்து முப்பிடாதியின் குரல்.

அவர் வாயைத் திறந்தார். அத்தனை மாதமாக ஒருவரும் அவரை அப்படிக் கேட்கவில்லை. சட்டென்று என்ன சொல்வதென்று தெரியாமல் வந்ததைச் சொன்னார்.

"நூத்திப் பதினேழு."

முப்பிடாதி குரலை ஏற்றவும் இல்லாமல் இறக்கவும் இல்லாமல் சொன்னாள்:

"புள்ள பள்ளிக்கூடத்துக்குக் குளிச்சிக்கிட்டு இருக்கா. முடிச்சிட்டு வருவா, நில்லுங்க."

ஆவுடையம்மாள் நின்றார். நானும் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் கோரி ஊற்றுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது, ஒரு செம்பு, பிறகு இன்னொரு செம்பு, எந்த அவசரமும் இல்லாமல்.